எங்க வீட்டுக்கு வாங்க: பின்னிஷில் 'வீடு' எங்கே ஒளிந்திருக்கிறது?

ராமேஸ்வரம் தீவிலிருந்தும் கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்தும் வந்த கடிதங்கள் இந்த முறை ஒரே முடிச்சைச் சுற்றுகின்றன. செவிலியர் வேலைக்கும் மேற்படிப்புக்குமாகப் பின்லாந்து போக பின்னிஷ் படிப்பவர்கள், ஒருவர் வீட்டில் இருப்பது, வீட்டுக்குப் போவது, வீட்டிலிருந்து வருவது ஆகிய மூன்றைச் சொல்லும்போதுதான் அதிகம் இடறுகிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒலி பற்றி ஒரு குறிப்பு. பின்னிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். க, த, ப மூன்றையும் சொல்லின் நடுவில் வந்தாலும் அழுத்தியே படியுங்கள்: கடல், தம்பி, படகு என்பவற்றின் முதலெழுத்துப் போல. நடுவில் வந்தால் மெலிப்பது நம் வாய்ப்பழக்கம். 'அதை' என்பதில் வரும் த போல ஆக்கிவிட்டால் பின்லாந்துக்காரர் காதில் அது வேறு எழுத்து. அந்த மெலிந்த ஒலி பின்னிஷில் தனியாகவே உண்டு. அதை ட என்று எழுதியிருக்கிறோம், 'படம்' என்பதன் நடுவெழுத்துப் போல. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழில் போலவே பொருளை மாற்றும். இதில் நமக்குப் பழக்கம் கைகொடுக்கும். பின்னிஷில் தலையில் இரு புள்ளி வைத்த ஓர் 'அ' உண்டு. ஏ சொல்ல வாயை வைத்துக்கொண்டு ஆ சொன்னால் அது வரும். அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் அதையும் அ, ஆ என்றே எழுதியிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் புள்ளி இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இரு புள்ளி ஒ-வுக்கும் அதே கதைதான். 'யு' ஒட்டி வரும் இடங்களில் உதட்டை உ-வுக்குக் குவித்து இ சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் வாசகி: "நான் அக்கா வீட்டில் இருக்கிறேன்" என்பதை அகராதி பார்த்து 'ஒலென் ஸிஸ்கொன் கொடிஸ்ஸ' என்று எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டு 'ஒலென் ஸிஸ்கொன் லுவொன' என்று திருத்தினார். கொதி என்றால் வீடு, ஸ்ஸ என்றால் 'இல்'. என்ன தப்பு?

உருபு தப்பில்லை, சொல்லும் தப்பில்லை. சொல்ல வந்த பொருளுக்கு அது பொருந்தவில்லை. 'ஸிஸ்கொன் கொடிஸ்ஸ' என்றால் அக்காவின் வீடு என்ற அந்த இடத்துக்குள் என்று ஆகும். "அக்கா வீட்டில் மூன்று அறைகள்" என்று சொல்ல அதுதான் சரி: 'ஸிஸ்கொன் கொடிஸ்ஸ ஒன் கொல்மெ ஹுவொனெத்த'. ஆனால் நீங்கள் சொல்ல வந்தது வீட்டைப் பற்றியே அல்ல. அக்காவோடு, அக்கா இருக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அதற்குப் பின்னிஷ் வீட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

பிடிக்கும் சொல் லுவொ. அது மூன்று வடிவம் எடுக்கும். இருந்தால் லுவொன, போனால் லுவொக்ஸெ, வந்தால் லுவொத. முன்னே வருகிற ஆள் பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். லீஸ என்பவரின் வீட்டில் என்றால் 'லீஸன் லுவொன', வீட்டுக்கு என்றால் 'லீஸன் லுவொக்ஸெ', வீட்டிலிருந்து என்றால் 'லீஸன் லுவொத'. நம் பழைய இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்றாக 'உழை' வருமே, 'அவருழைச் சென்றான்' என்று, கிட்டத்தட்ட அந்த வேலைதான் இது. பக்கம், இருப்பிடம், அந்த ஆள் இருக்கும் எல்லை எல்லாம் சேர்ந்த சொல்.

ஆளின் பெயரை ஆறாம் வேற்றுமைக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. உயிரில் முடியும் பெயருக்கு ன் மட்டும் போதும்: பாத்திமா 'பாத்திமான்', செல்வி 'செல்வின்'. ஒற்றில் முடியும் வேற்றுமொழிப் பெயருக்கு இடையில் ஓர் இ சேரும். முருகன் வீட்டில் என்பது 'முருகனின் லுவொன'. தமிழ் உருபு போலவே காதில் விழுகிறது. தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்கும். பின்னிஷ் பெயர்களிலோ நடுவில் இரட்டிக்கும் க, த, ப ஒற்றையாகும். பெக்க என்பவர் 'பெகன் லுவொன' ஆவார், மத்தி என்பவர் 'மதின் லுவொன'. இதை மறந்து 'பெக்கன்' என்று எழுதுவது தேர்வுத் தாளில் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை.

என், உன் என்று வரும்போது எழுத்து நடையில் லுவொனவுக்குப் பின்னால் உடைமை விகுதி சேரும்: லுவொனனி என்னிடத்தில், லுவொனஸி உன்னிடத்தில், லுவொனான் அவரிடத்தில். பேச்சில் இதெல்லாம் உதிர்ந்து 'முன் லுவொன', 'ஸுன் லுவொன' என்று நின்றுவிடும். ஆனால் முன்னே ஒரு பெயர்ச்சொல் நின்றால் விகுதி எப்போதும் வராது. 'லீஸன் லுவொனான்' என்று எழுதாதீர்கள்.

இனி, லுவொ இல்லாமல் 'லீஸல்ல', 'லீஸல்லெ', 'லீஸல்த' என்று நேரடியாக உருபு சேர்த்தால் என்ன ஆகும்? அது நம் 'இடம்' உருபு. தமிழில் உயர்திணைக்கு 'இல்' சேர்க்க மாட்டோம். 'தங்கச்சியிடம் சாவி இருக்கிறது' என்றுதான் சொல்வோம். பின்னிஷில் அந்த இடத்தை -ல்ல, -ல்லெ, -ல்த நிரப்புகின்றன. 'மினுல்ல ஒன் வெர்க்கொ' என்றால் என்னிடம் வலை இருக்கிறது. மீனை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'வெயின் கலா லீஸல்லெ' என்றால் லீஸவுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீன் இப்போது அவர் மீன். 'வெயின் கலா லீஸன் லுவொக்ஸெ' என்றால் லீஸ வீட்டுக்கு மீன் கொண்டுபோனேன். யாருக்கு என்று சொல்லவில்லை, அங்கே எல்லோரும் சேர்ந்து சாப்பிடவும் இருக்கலாம். உரிமை கைமாறுகிறதா, இடம் மட்டும் மாறுகிறதா என்று ஒரு கணம் நிதானித்தால் உருபு தானாக வரும்.

பேச்சில் இளைஞர்கள் 'ஒலென் லீஸல்ல' என்றே சொல்லி லீஸ வீட்டில் இருப்பதைக் குறிப்பார்கள். காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். எழுதும்போது லுவொனவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை வாசகர்: பின்னிஷ் நண்பர் 'துலெ மெய்ல்லெ' என்று செய்தி அனுப்பினார். மொழிபெயர்ப்புச் செயலியில் "எங்களுக்கு வா" என்று வந்தது. இதில் வீடு எங்கே?

வீடு 'எங்கள்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மெய்ல்ல எங்கள் வீட்டில், மெய்ல்லெ எங்கள் வீட்டுக்கு, மெய்ல்த எங்கள் வீட்டிலிருந்து. உங்கள் வீடு என்றால் இதே வரிசையில் தெய்ல்ல, தெய்ல்லெ, தெய்ல்த. ஆளுக்கு நேரடியாக உருபு சேர்ந்தால் உரிமைப் பொருள் என்று மேலே சொன்னோம். பன்மை மூவிடப் பெயர்களில் மட்டும் குடும்பமும் வீடும் ஒன்றாகிவிடுவதால் லுவொ தேவைப்படுவதில்லை.

நமக்கு இது புரியக் கடினமான விஷயமல்ல. தமிழில் யாரும் 'என் வீட்டுக்கு வாங்க' என்று கூப்பிடுவது அரிது. 'எங்க வீட்டுக்கு வாங்க' என்றுதான் வாயில் வரும். 'எங்க அத்தா', 'எங்க ராத்தா' என்று ஒருவரே சொன்னாலும் பன்மை. அந்த 'எங்க'வில் குடும்பம் முழுதும் நிற்கிறது. பின்னிஷ் அந்த 'எங்க'வை வைத்துக்கொண்டு வீட்டைக் கழற்றிவிட்டது, அவ்வளவுதான். வெளியே சந்தித்த இருவர் எந்த வீட்டுக்குப் போவது என்று பேசும் வாக்கியத்தைப் பாருங்கள்: 'மென்னான்கொ மெய்ல்லெ வய் தெய்ல்லெ?' எங்க வீட்டுக்குப் போவோமா, உங்க வீட்டுக்கா? வீடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

மெய்ல்லவுக்கு வேறு இரண்டு பொருளும் உண்டு. இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'மெய்ல்ல ஒன் அவ்தொ' என்றால் எங்களிடம் கார் இருக்கிறது. 'மெய்ல்ல ஸ்யுவொடான் கலா' என்றால் எங்க வீட்டில் மீன் சாப்பிடுவது வழக்கம். இங்கே வினையில் யார் என்றே இல்லை. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு தொடர் 'மெய்ல்ல பய்ன்'. நேராகத் தமிழில் 'எங்க பக்கம்'. 'மெய்ல்ல பய்ன்' என்று தொடங்கி உங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம்.

தனியாக இருப்பவர்கள் பெரும்பாலும் 'முன் லுவொ' என்பார்கள். சிலர் பேச்சில் 'துலெ முல்லெ' என்பதும் உண்டு. இதைப் பாடமாகக் கற்க வேண்டாம், கேட்டால் புரிந்தால் போதும்.

ஒரு குடும்பத்தை அதன் பெயரால் சொல்லும்போதும் பன்மைதான். விர்தனென் என்பது பின்லாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்று. விர்தனென் வீட்டுக்கு என்றால் 'விர்தஸில்லெ', வீட்டில் 'விர்தஸில்ல', வீட்டிலிருந்து 'விர்தஸில்த'. நென் என்று முடியும் பெயரில் அந்த நென் போய் ஸ வந்துவிடும். பன்மைக்கு நடுவில் இ. ஒருமையில் 'விர்தஸெல்ல' என்றால் விர்தனென் என்ற ஒருவரிடம் என்று முதலில் பொருள்படும்.

பாம்பன் வாசகி: லுவொ என்றும் லுவொக்ஸெ என்றும் பார்க்கிறேன். வேறுபாடு உண்டா?

இல்லை. இரண்டும் 'இருப்பிடத்துக்கு'. பின்னால் உடைமை விகுதி சேர்க்க வேண்டுமென்றால் நீண்டதையே எடுங்கள்: லுவொக்ஸெனி, லுவொக்ஸெஸி.

மண்டபம் வாசகர்: கொதொன (வீட்டில்), கொதீன் (வீட்டுக்கு), கொதொஅ (வீட்டிலிருந்து) மூன்றும் சொந்த வீட்டைக் குறிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஒழுங்காகக் கொடிஸ்ஸ, கொடிஸ்த என்று ஏன் வரவில்லை?

கொதொன என்பது இந்த மொழியின் பழைய படிமம். இன்றைய பின்னிஷில் -ன உருபு 'ஆக' என்ற பொருளில் வரும். 'ஒபெத்தயன' என்றால் ஆசிரியராக. பழைய காலத்தில் அது 'இல்' என்று இடத்தைக் குறித்தது. அன்றாடம் புழங்கிய சில சொற்களில் மட்டும் அந்தப் பொருள் கரையாமல் தங்கிவிட்டது. நம் வீட்டில் என்பது கொதொன, வெளியே என்பது உல்கொன, தொலைவில் என்பது கவ்கன, பின்னால் என்பது தகன. லுவொனவும் இந்தக் கூட்டம்தான். அதேபோல் கொதொஅ, லுவொத ஆகியவற்றின் முடிவும் 'இருந்து' என்ற பழைய பொருளைத் தாங்கியவை. ஆக மனப்பாடம் செய்யும்போது கொதொனவையும் லுவொனவையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுங்கள். தனித்தனி விதிவிலக்காகச் சுமக்க வேண்டாம்.

கொதொன என்பதில் த, கொடிஸ்ஸ என்பதில் ட ஏன்? இரண்டாம் அசை ஒற்றில் முடிந்தால் த் மெலிந்து ட் ஆகும். கொ-டிஸ்-ஸ என்று பிரித்தால் டிஸ் ஒற்றில் முடிகிறது. கொ-தொ-ன என்பதில் தொ திறந்திருக்கிறது. அப்படியானால் கொதீன்? அதுவும் ஒற்றில்தானே முடிகிறது என்று கேட்பீர்கள். அது பழைய 'கொதிஹின்' சுருங்கியது. அங்கே அசை திறந்திருந்ததால் வல்லினம் தப்பித்துக்கொண்டது.

இனி, நம்மவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். உருபு தெரிந்தும் பிழை வருவதற்குக் காரணம் வினைச்சொல். சில வினைகளுக்குப் பின்னிஷ் பார்க்கும் திசை நாம் பார்க்கும் திசை அல்ல.

தங்கிவிடுதல்: "நான் வரலை, வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்பதற்கு 'யான் கொதீன்'. நேரே பார்த்தால் 'வீட்டுக்குத் தங்குகிறேன்'! யான் என்ற வடிவம் பழந்தமிழ் 'யான்' போலவே எழுத்தில் இருப்பதால் ஒரு தடவை படித்தால் மறக்காது. அந்த ஆ இரு புள்ளி ஆ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறத்தல், விட்டுவருதல் வினைகளும் இதே ரகம். கைபேசியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பது 'உனொஹ்டின் புஹெலிமென் கொதீன்'. வலையை முருகன் வீட்டில் மறந்தேன் என்பது 'உனொஹ்டின் வெர்கொன் முருகனின் லுவொக்ஸெ'. மறந்த செயல் முடியும்போது பொருள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்னிஷ் பார்க்கிறது, அதனால் 'க்கு'.

தேடுதல், கண்டெடுத்தல்: இங்கே நேர் எதிர்த் திசை. வீட்டில் சாவியைத் தேடினேன் என்பது 'எத்ஸின் அவய்மிஅ கொதொஅ', வீட்டிலிருந்து தேடினேன். லீஸ வீட்டில் சாவி கிடைத்தது என்பது 'லொய்ஸின் அவய்மெத் லீஸன் லுவொத'. பொருள் எதிலிருந்து வெளிப்படுகிறது என்ற பார்வை.

போய்வருதல்: "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்று நாம் 'க்கு' போடும் இடத்தில் பின்னிஷ் 'இல்' போடும்: 'கவின் ஸிஸ்கொன் லுவொன'. போனதும் வந்ததும் ஒரே வினைக்குள் அடங்கிவிட்டதால் மிச்சம் அங்கே இருந்தது மட்டும்தான். 'போனேன்' என்று மட்டும் சொன்னால்தான் 'மெனின் ஸிஸ்கொன் லுவொக்ஸெ'.

இதில் ஒரு நுணுக்கம். 'யா கொதீன்' என்றாலும் 'ப்யுஸ்யு கொதொன' என்றாலும் தமிழில் "வீட்டிலேயே இரு". முதலாவது, மற்றவர்கள் கிளம்பும்போது நீ கிளம்பாதே என்பது. இரண்டாவது, இருக்கிற இடத்தை விட்டு அசையாதே என்பது. காய்ச்சல்காரரிடம் சொல்வது இதுதான்.

ராமேஸ்வரம் வாசகி: நான் செவிலியர். பின்லாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் வேலைக்குத் தயாராகிறேன். வருகைக் குறிப்பு எழுதப் பழக வேண்டும்.

அந்த வேலைக்குப் பெயர் கொதிஹொய்தொ, வீட்டுப் பராமரிப்பு. 2023 ஜனவரி 1 முதல் 21 நல்வாழ்வுச் சேவைப் பகுதிகள் இதை நடத்துகின்றன. ஹெல்ஸிங்கி நகரம் தானே நடத்துகிறது. நீங்கள் பார்க்கப் போகும் முதியவர் குறிப்பில் 'அஸியகஸ்', அதாவது சேவை பெறுபவர். ஆறாம் வேற்றுமையில் 'அஸியக்கான்'. இங்கே மற்றப் பெயர்களுக்கு எதிராக, ஒற்றை க இரட்டிக்கிறது.

போய்ப் பார்த்தேன் என்பது 'கவின் அஸியக்கான் லுவொன'. வீட்டில் இல்லை என்பது 'அஸியகஸ் எய் ஒல்லுத் கொதொன'. இந்த இரண்டாவதில் லுவொன வராது. தன் வீட்டில் இருப்பவருக்குக் கொதொனதான். காய்ச்சல் இருக்கிறது என்பது 'அஸியக்கால்ல ஒன் கூமெத்த'. அங்கே -ல்ல அவருக்கு இருப்பதைச் சொல்கிறது, அவர் வீட்டை அல்ல.

மருந்து பற்றி எழுதும்போது மிகக் கவனம். 'லாக்கேத் ஒவத் அஸியக்கால்ல' என்றால் மருந்துகள் அவர் கையில், அவர் பொறுப்பில் இருக்கின்றன. 'லாக்கேத் ஒவத் அஸியக்கான் லுவொன' என்றால் அவர் வீட்டில் இருக்கின்றன. பூட்டிய பெட்டியில் இருந்து சாவி பராமரிப்பாளரிடம் இருக்கவும் கூடும். அடுத்த முறை வரும் செவிலியர் இந்த ஓர் உருபை வைத்து முடிவெடுப்பார். சாவியும் அப்படியே: 'அவய்ன் யய் அஸியக்கான் லுவொக்ஸெ' சாவி அவர் வீட்டில் தங்கிவிட்டது, 'அவய்ன் யய் அஸியக்கால்லெ' சாவி அவரிடமே தங்கிவிட்டது. முதலாவது பெரும்பாலும் மறதி, இரண்டாவது கொடுத்துவிட்டு வந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போனால் விதி மாறும். ஹொய்வகொதி என்ற பராமரிப்பு இல்லத்தின் பெயரில் கொதி இருந்தாலும் அது நிறுவனம். அதனால் 'ஹொய்வகொடிஸ்ஸ', 'ஹொய்வகொதீன்', 'ஹொய்வகொடிஸ்த' என்று ஒழுங்கு உருபுகளே வரும். 'ஹொய்வகொதொன' என்று ஒரு சொல் கிடையாது.

உருபைத் தாண்டி ஒன்று: வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் அங்கேயும் உண்டு. அந்த வகையில் வீட்டுக்குள் நுழைவது உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

அக்காள்மடம் வாசகர்: மும்மொ என்றால் பாட்டி. 'மும்மொலான்' என்றால் என்ன? மும்மொல்லெ என்றுதானே வர வேண்டும்?

இதற்கு விடை உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. அக்காள் என்பவர் ஆள், அக்காள்மடம் ஊர். பக்கத்தில் தங்கச்சி ஆள், தங்கச்சிமடம் ஊர். ஆளுக்கு 'தங்கச்சியிடம்' என்போம், ஊருக்கு 'தங்கச்சிமடத்தில்' என்போம். ஆள் பெயரோடு இடம் குறிக்கும் ஒட்டுச் சேர்ந்ததும் அது இடப்பெயராகி 'இல்' ஏற்கிறது. பின்னிஷில் அந்த ஒட்டு -ல.

மும்மொ பாட்டி, மும்மொல பாட்டி வீடு. இடமாகிவிட்டதால் 'மும்மொலஸ்ஸ' பாட்டி வீட்டில், 'மும்மொலான்' பாட்டி வீட்டுக்கு, 'மும்மொலஸ்த' பாட்டி வீட்டிலிருந்து. 'மும்மொல்லெ' என்றால் பாட்டிக்கு. பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டேன் என்பது 'யதின் லப்ஸெத் மும்மொலான்'. விட்டுவருதல் வினை என்பதால் 'க்கு' உருபு. மாமியார் அனொப்பி, மாமியார் வீடு அனொப்பில. மாமியார் வீடு என்று நாம் சொல்லும் அத்தனை சுமையும் அந்தச் சொல்லுக்கும் உண்டு.

இந்த -ல சேர்ந்து பண்ணை வீடுகளுக்குப் பெயராகி, பிறகு குடும்பப் பெயராகியும் இருக்கிறது. மத்தி என்பவரின் இடம் மத்தில, அந்தி என்பவரின் இடம் அந்தில, ஹெய்க்கி என்பவரின் இடம் ஹெய்க்கில. இப்படி முடியும் குடும்பப் பெயரைக் கண்டால் பின்னால் ஒரு பண்ணை வீடு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீடு என்பதைத் தாண்டியும் இந்த ஒட்டு வேலை செய்கிறது: கஹ்வி காபி, கஹ்வில காபிக்கடை, ஸய்ரஸ் நோயாளி, ஸய்ரால மருத்துவமனை. ஆனால் எல்லா உறவுக்கும் நீங்களாக -ல ஒட்டிவிடாதீர்கள். அக்காவுக்கு 'ஸிஸ்கொன் லுவொன'தான்.

தேவிபட்டினம் வாசகர்: டாக்டரிடம் போகிறேன் என்பதற்கும் லுவொக்ஸெவா?

வழக்கில் இல்லை. தொழில் செய்பவர் பெயரையே இடமாக்கிவிடுகிறார்கள்: 'லாகரீன்' டாக்டரிடம், 'லாகரிஸ்ஸ' டாக்டரிடத்தில் இருக்கும்போது, 'லாகரிஸ்த' அங்கிருந்து. 'டாக்டருக்குள்' என்று படாமல், அது ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முடி திருத்துபவருக்கு 'கம்பாயல்லெ' என்று வெளி உருபு, அதாவது -ல்ல, -ல்லெ, -ல்த வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் நாபுரி. பக்கத்து வீட்டுக்கு என்பது 'நாபுரீன்', பக்கத்து வீட்டில் 'நாபுரிஸ்ஸ'. இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

தொண்டி வாசகி: "நான் தொண்டிக்காரி" என்று எப்படிச் சொல்வது? ஊர்ப் பெயர்களுக்கு எந்த உருபு?

'ஒலென் கொதொய்ஸின் தொண்டிஸ்த'. கொதொய்ஸின் என்பதும் வீட்டுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பூர்வீகம் என்ற பொருள்.

வெளிநாட்டு ஊர்களுக்குப் பொதுவாக உள் உருபுகள்: தொண்டிஸ்ஸ, தொண்டீன், தொண்டிஸ்த. ராமேஸ்வரத்துக்கு என்பது 'ராமேஸ்வரமீன்'. ஒற்றில் முடிவதால் இ சேர்ந்து நீள்கிறது. ஐ-யில் முடியும் பெயருக்கு ஹின் சேரும்: கீழக்கரைக்கு 'கீழக்கரைஹின்', துபாய்க்கு 'துபாய்ஹின்'. இலங்கைக்கு உள் உருபு, 'ஸ்ரீ லங்கான்'. ஆனால் பாம்பன் தீவில் என்று தீவு என்ற சொல்லைச் சேர்த்தால் வெளி உருபு: 'பாம்பனின் ஸாரெல்ல', தீவின் மேல்.

பின்லாந்து ஊர்களில்தான் சிக்கல். ஹெல்ஸிங்ஙிஸ்ஸ, துருஸ்ஸ, ஒவ்லுஸ்ஸ எல்லாம் உள். தம்பெரேல்ல, வந்தால்ல, ரொவனியெமெல்ல, ரவ்மல்ல எல்லாம் வெளி. ஹெல்ஸிங்கியும் வந்தாவும் ஒட்டியிருக்கும் நகரங்கள், உருபு வேறு. ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுவே விதி. எந்த ஊரில் வேலை கிடைக்கிறதோ அந்த ஊரின் மூன்று வடிவங்களையும் பயண நாளுக்கு முன்பே வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி வாசகி: தோழிக்கு எழுதிய நாலு வரியைத் திருத்தித் தாருங்கள். 'துலெ மினுன் கொதி லவந்தய்ன. எய்லென் கவின் ஸிஸ்கொன் லுவொக்ஸெ. உனொஹ்டின் கிர்யன் ஸிஸ்கொன் லுவொன. ஹயென் ஸென் ஸிஸ்கொல்த.' (சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. நேற்று அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். புத்தகத்தை அங்கே மறந்துவிட்டேன். அதை அக்காவிடமிருந்து வாங்கிவருகிறேன்.)

முதல் வரியில் கொதிக்கு உருபே இல்லை. 'மினுன் கொதீனி' என்று திருத்தினால் இலக்கணம் சரியாகும், ஆனாலும் கட்டடத்தைக் காட்டிக் கூப்பிட்டது போலிருக்கும். குடும்பத்தோடு இருப்பவர் 'துலெ மெய்ல்லெ லவந்தய்ன' என்று எழுதுவார். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் 'துலெ மெய்ல்லெ க்யுலான்'. க்யுல என்றால் கிராமம், ஊர். 'க்யுலான்' போவது என்றால் ஒருவர் வீட்டுக்கு விருந்தாடப் போவது. "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்று நாம் சொல்லும்போது ஊர் என்பது ஊர் மட்டுமல்ல, சொந்தக்காரர் வீடு என்பது புரிகிறதே, அதே மணம்.

இரண்டாம் வரியில் போய்வருதல் வினை. 'ஸிஸ்கொன் லுவொன' ஆக வேண்டும். மூன்றாம் வரியில் மறத்தல் வினை. 'ஸிஸ்கொன் லுவொக்ஸெ' ஆக வேண்டும். லுவொன என்றே விட்டால், அக்கா வீட்டில் இருந்த நேரத்தில் புத்தகத்தின் நினைவு போனது என்று பொருள் திரியும். இரண்டு வரிகளின் உருபுகளையும் இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் சரியாகிவிடும். தமிழில் நினைத்து எழுதுகிறவர்களுக்கு இந்தக் குறுக்கு மாற்றம் அடிக்கடி நேரும்.

நான்காம் வரியில் கைவைக்க ஒன்றுமில்லை. 'ஸிஸ்கொல்த' என்றால் அக்கா கையிலிருந்து. அக்கா வேலைக்குப் போயிருக்க, நீங்களே அவர் வீட்டுக்குள் போய் எடுத்துவருவதானால் மட்டும் 'ஸிஸ்கொன் லுவொத' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.